மரத்தடி ஸ்னோடிராப்: முளைக்கவில்லை, பூக்கவில்லை, களை மூடுகிறது என்றால்

குளிர்காலக் கடைசியில் வெள்ளைப் பூ விடும் சின்னக் கிழங்குச் செடி ஸ்னோடிராப். அதை மரத்தடியில் நட்டுவிட்டு, இனி தானாகப் பரவும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். பல இடங்களில் அப்படியே பரவியும் விடுகிறது. பரவாத இடங்களில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே சில வகைதான். அவற்றை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். தோண்ட வேண்டியதும் ஆள் கூப்பிட வேண்டியதும் கடைசியில். வரிசையாகப் பார்த்து வாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு காரணங்களிலேயே விஷயம் முடிந்துவிடும்.

தொடங்கும் முன்

செடி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். முளை நீட்டுகிறதா, பூத்திருக்கிறதா, பூ முடிந்து வெறும் பச்சை இலையாக நிற்கிறதா, இலை காய்ந்து மண்ணுக்குள் உறங்குகிறதா? வடகோளத்தின் குளிர்நாடுகளில் பூ ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பச்சை இலை மே வரை, அப்புறம் இலையுதிர்காலக் கடைசிவரை உறக்கம். தென்கோளம் என்றால் ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போடுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை உண்டு. நிலை தவறிச் செய்தால் நல்ல வேலையும் கெடுதலாகத்தான் முடியும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கிலும் இலையிலும் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு, சிலருக்குத் தோல் அரிக்கும். தோண்டி எடுத்த கிழங்கு பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் வராந்தாவில் கொட்டி வைக்காதீர்கள்.

அறிகுறி 1: நட்டது முளைக்கவே இல்லை

*காத்திருந்தால் போதுமா?* பக்கத்தில் வேறு இடங்களில் ஸ்னோடிராப் பூத்து முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். அடர்ந்த நிழலிலும் வடக்கு நோக்கிய சரிவிலும் முளை தாமதமாகத்தான் வரும்.

*மேலே சருகு கெட்டியாகப் படிந்திருக்கிறதா?* முளையின் நுனி கடினமானது. உறைந்த மண்ணையும் மெல்லிய சருகையும் துளைத்து வந்துவிடும். ஆனால் சைக்கமோர், பிளேன் போன்ற அகல இலைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகிவிட்டால் திணறும். கையால் ஒரு பிடி சருகைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வெளிறிய மஞ்சள் முளை வளைந்து கிடந்தால் காரணம் அதுதான். சருகைக் கையால் விலக்குங்கள். முளை வந்தபின் சருகு வாரும் கருவியால் இழுத்தால் தலை முறிந்துவிடும்.

*அணில் தோண்டியிருக்கிறதா?* மற்ற கிழங்குகளைத் தின்பது போல ஸ்னோடிராப்பை அணில் விரும்பித் தின்பதில்லை. புதிதாகக் கிளறிய மண்ணைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. கிழங்கு மேலே வெளிறிக் கிடந்தால் திரும்பப் புதைத்து மண்ணை அழுத்துங்கள். முதல் பருவத்துக்கு மேலே கம்பிவலை போடலாம்.

*உலர்ந்த கிழங்காக வாங்கினீர்களா?* முளைக்காத கேஸ்களில் பல இங்கேதான் வந்து நிற்கின்றன. ஸ்னோடிராப் கிழங்கின் தோல் மெல்லியது. வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் உள்ளே வற்றிப்போகும். நட்ட இடத்தில் ஒன்றைத் தோண்டி எடுத்து விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். காகிதம்போல் நொறுங்கினாலோ கூழாக இருந்தாலோ அது போனது போனதுதான். அடுத்த முறை பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே வேரோடு எடுத்த செடியாக வாங்குங்கள். வந்த அன்றே, முன்பு நின்ற ஆழத்தில் நட்டு நீர் விடுங்கள். தண்டில் வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம் மண்மட்டத்துக்கு வந்தால் ஆழம் சரி. உலர்ந்த கிழங்குதான் கிடைக்கும் என்றால் இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே, கைக்கு வந்த உடனே, 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நடுங்கள்.

திரும்ப வாங்கும்போது நாற்றங்காலில் பெருக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்னோடிராப் இனங்கள் எல்லாமே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. காட்டில் தோண்டியது என்றால் விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

*தண்ணீர் தேங்குகிறதா?* மழைக்கு மறுநாள் ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். அடுத்த நாளும் நீர் நின்றால் அங்கே எது நட்டாலும் அழுகும். மரத்தடியில் வடிகால் வெட்டுவது வேரை வெட்டுவதில் போய் முடியும். இடத்தை மாற்றுவதே மலிவு.

அறிகுறி 2: இலை வருகிறது, பூ இல்லை

*இந்த வருடம்தான் இடம் மாற்றினீர்களா?* அப்படியானால் கோளாறே இல்லை. ஒரு பருவம் விடுங்கள்.

*போன வருடம் இலையை வெட்டினீர்களா?* பூ வாடியபின் இலை பச்சையாக நிற்கும் வாரங்களில்தான் அடுத்த வருடப் பூவுக்கான உணவு கிழங்கில் சேர்கிறது. அந்த நேரத்தில் புல்வெட்டி ஓட்டினாலோ, இலையை முடிந்து வைத்தாலோ, களையோடு களையாகப் பிடுங்கினாலோ அடுத்த வருடம் பூ கிடையாது. பூ முடிந்து குறைந்தது ஆறு வாரம் தொடக்கூடாது. நிஜமான அளவுகோல் இலைதான். அது மஞ்சளாகித் தரையில் சாய்ந்தபின் வெட்டுங்கள். வீட்டில் புல் வெட்டுகிறவர் வேறொருவர் என்றால் பூத்திருக்கும்போதே எல்லையில் குச்சி நட்டுவிடுங்கள். வாயால் சொல்வது நிற்காது, குச்சி நிற்கும்.

*தூர் நெருங்கிவிட்டதா?* நடுவில் இலை மட்டும் அடர்ந்து, ஓரத்தில் மட்டும் நாலு பூ தெரிந்தால் இதுதான். தூரின் ஒரு ஓரத்தில் கைமுள்ளை (கைப்பிடி உள்ள சின்னத் தோட்ட முள்கரண்டி) விட்டு நெம்பி ஒரு கொத்தை எடுத்துப் பாருங்கள். கிழங்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பக்கங்கள் தட்டையாகி, சிறுத்திருக்கும். பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போது முழுத் தூரையும் தூக்கி, கையால் உதிர்த்து, இரண்டு மூன்று கிழங்காக 8 முதல் 10 செ.மீ. இடைவெளியில் உடனே நடுங்கள். நார் வேரை அறுக்காதீர்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இப்படித் தூர் பிரித்தால் இந்த அறிகுறி திரும்ப வராது.

*நாற்றாக இருக்கலாம்.* தூரைவிட்டுத் தள்ளி, ஒற்றை ஒல்லி இலையாக நிற்பவை விதையில் வந்தவை. பூக்க மூன்று நான்கு வருடமாவது ஆகும். இவற்றைப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறவர்கள் ஏராளம். சந்தேகம் வந்தால் இலையைப் பிடித்து மண்ணுக்குள் விரலால் தடவிப் போங்கள். அடியில் அரிசிமணி அளவுக்கு வெள்ளைக் கிழங்கு தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். புல்லாக இருந்தால் நார்வேர் கற்றைதான் கையில் சிக்கும்.

*மரம் நீரைக் குடித்துவிடுகிறதா?* இலை பச்சையாக இருக்கும் வாரங்களில் 10 செ.மீ. ஆழத்து மண்ணைக் கிள்ளிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் கிழங்குக்கு நீர் போதவில்லை. மழை இல்லாத வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். இலையுதிர்காலத்தில் மக்கிய இலைமக்கை 2 அல்லது 3 செ.மீ. மூடாக்காகப் போடுங்கள். இலைமக்கு என்றால் புதுச் சருகு அல்ல. கையில் பிசைந்தால் பொடியாகிற, போன வருடத்துக் குவியல். நல்லது என்று அரை அடி மண் கொட்டாதீர்கள். கிழங்குக்கு ஆழம் கூடும், மரத்தின் வேருக்கும் மூச்சு முட்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

*நிழல் அதிகமா?* பூக்கும் பருவத்தில் நண்பகலில் போய் நில்லுங்கள். இலையுதிர் மரமாக இருந்தால் கிளைகளின் இடுக்கில் வெயில் தரைக்கு வரும், அது போதும். பைன், ஸ்புரூஸ் மாதிரி வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரத்தின் நெருக்கமான அடிவாரத்தில் அந்த வெயிலும் வராது. கிளை விரிவின் வெளி ஓரத்துக்குத் தூரை நகர்த்துங்கள். கிளையைக் கழித்து வெளிச்சம் விடலாம் என்றால் ஏணி போட்டு நீங்களே ஏறாதீர்கள். தரையில் நின்று கைக்கு எட்டாத கவாத்து எல்லாமே பயிற்சி பெற்ற மரவேலைக்காரரின் வேலை. சில மரங்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கும். வெட்டும் முன் உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: தூர் நன்றாக இருக்கிறது, பூவும் உண்டு, பரவத்தான் மாட்டேன் என்கிறது

*பூ இரட்டையா?* உள்ளே இதழ் கொத்துக்கொத்தாக இருக்கும் 'ஃபுளோர் பிளீனோ' வகை விதை பிடிக்காது. பக்கக் கிழங்கால் தூர் பெருக்குமே தவிர, தள்ளிப் போய் முளைக்காது. அதைப் பரப்ப ஒரே வழி தூரைப் பிரித்து நீங்களே தள்ளி நடுவது. உண்மையைச் சொன்னால் ஒற்றைப் பூவுக்கும் இதுவே வேகமான வழி.

*விதைக்காய் வருகிறதா?* ஒற்றைப் பூ வகையில் பூ உதிர்ந்தபின் காம்பின் நுனியில் பச்சைக் காய் பருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஒரே கிழங்கிலிருந்து பெருகிய தூர்களாக இருக்கலாம், அல்லது குளிரில் தேனீ வராமல் போயிருக்கலாம். வேறு இடத்திலிருந்து வந்த கலாந்தஸ் நிவாலிஸ் (சாதாரண ஸ்னோடிராப் இனம்) கொஞ்சம் கலந்து நடுங்கள்.

*காய் வந்தும் நாற்று இல்லையா?* காய் மஞ்சளாகித் தரையில் படுக்கும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடும். நாம் செய்ய வேண்டியது இந்த வேலையில் குறுக்கிடாமல் இருப்பதுதான். வாடிய பூவைக் கிள்ளுவது, மரப்பட்டை மூடாக்கைத் தடிமனாகப் போடுவது, களைத்துணி விரிப்பது, வசந்தத்தில் களைக்கொத்தி ஓட்டுவது, நான்குமே நாற்றைத் தீர்த்துவிடும். குறிப்பாகக் களைத்துணி. ஸ்னோடிராப் பரவ வேண்டும் என்ற இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

அறிகுறி 4: களை மூடிவிடுகிறது

என்ன களை என்று பார்க்காமல் கைவைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேளை வேறு. பொதுவான வேலைக்காலம் ஸ்னோடிராப் இலை காய்ந்ததிலிருந்து அடுத்த முளை தெரியும்வரை. ஆனால் அப்போது கிழங்கு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் பூத்திருக்கும்போதே நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து, எல்லையில் குச்சி நட்டு வையுங்கள்.

*புல்.* இலையுதிர்காலக் கடைசியில் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள், பூ புல்லுக்கு மேலே தெரியும். அடுத்த வெட்டு ஸ்னோடிராப் இலை மஞ்சளானபின். உரம் போடாதீர்கள், புல்தான் கொழுக்கும். களைக்கொல்லி கலந்த புல்தரை உரம் கிட்டவே வரக்கூடாது.

*கிளீவர்ஸ், சிக்வீட் போன்ற ஒருபருவக் களை.* குளிர்காலத்திலேயே முளைத்துவிடும். சின்னதாக இருக்கும்போது கையால் கிள்ளுங்கள். கிளீவர்ஸ் வளர்ந்தபின் இலையில் ஒட்டிக்கொண்டு ஸ்னோடிராப்பையும் சேர்த்து இழுக்கும். அது விதைக்குமுன் எடுத்தால் இரண்டு மூன்று பருவத்தில் குறையும்.

*ஐவி படர்கொடி.* பழைய காட்டுத் தோப்புகளில் ஐவிக்கு நடுவேயே ஸ்னோடிராப் நிற்பதைப் பார்க்கலாம். மெல்லியதாக இருந்தால் விட்டுவிடுங்கள். கணுக்கால் உயரத்துக்கு மெத்தையானால் இலையுதிர்காலத்தில், முளை வருமுன், கத்திரியால் தரையோடு வெட்டி வாரி எடுங்கள். வேரைப் பிடுங்கப் போனால் மண்ணே புரண்டு கிழங்கு வெளியே வரும். வருடம் ஒரு வெட்டு போதும்.

*பிராம்பிள் முள்கொடி.* கோடையில் முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள், அந்தக் கட்டை கைப்பிடியாக உதவும். மண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் முடிச்சு போன்ற தலைப்பகுதியைத் தோண்டி எடுங்கள். கூடவே ஸ்னோடிராப் கிழங்கு வந்தால் அப்படியே திரும்பப் புதையுங்கள். வளைந்த கொடியின் நுனி தரையைத் தொட்ட இடத்தில் வேர் விட்டிருக்கும். இலையுதிர்காலத்தில் அதை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

*கிரவுண்ட் எல்டர்.* மரத்தடிக்காரர்களை அழவைப்பது இதுதான். வெள்ளையான, நூடுல்ஸ் தடிமன் வேர்த்தண்டு கிழங்குகளுக்கு நடுவே பின்னிக்கொண்டு ஓடும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் அதிலிருந்து புதுச் செடி. கொத்தியால் கொத்துவது அதற்கு நாற்று விடுவதற்குச் சமம்.

முதலில், ஸ்னோடிராப் இலை காய்ந்தபின் எல்டர் இலையைக் கோடை முழுக்கத் தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிப் பாருங்கள். தொடர்ந்து செய்தால் அது இளைக்கும். ஸ்னோடிராப் கூட்டத்துக்கு அந்த அளவே பெரும்பாலும் போதும், ஏனென்றால் எல்டர் முழுசாகத் தழைக்கும்போது ஸ்னோடிராப் தன் வேலையை முடித்திருக்கும்.

சுத்தமாக ஒழிக்க வேண்டும் என்றால் பூ முடிந்ததும் ஸ்னோடிராப் முழுவதையும் தூக்கி, வாளி நீரில் மண்ணைக் கழுவி, வெள்ளைத் தண்டை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுங்கள். கழுவிய பிறகுதான் ஒரு கிழங்கின் அடியைச் சுற்றி மெல்லிய துண்டு வளையமாக ஒளிந்திருப்பது தெரியும். கழுவியதைத் தொட்டியில் நட்டு ஒரு பருவம் தனியே வையுங்கள். எல்டர் இலை எட்டிப் பார்க்கவில்லை என்றால் மட்டும் திரும்ப நிலத்துக்கு. அதற்குள் நிலத்தைச் சுத்தம் செய்யுங்கள். எடுத்த வேரை மக்குக் குழியில் போடாதீர்கள்.

*லெஸ்ஸர் செலன்டைன்.* பளபளப்பான இதய வடிவ இலை, மஞ்சள் பூ. ஸ்னோடிராப்போடு சேர்ந்தே வரும், சேர்ந்தே மறையும். அதனால் பொதுவான வேலைக்காலம் இதற்கு உதவாது. கோடையில் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. இலை தெரியும்போதே ஒவ்வொரு செடியாக, சுற்றிலும் ஒரு கைப்பிடி மண்ணோடு எடுக்க வேண்டும். வேரில் விரல் வடிவக் குட்டிக் கிழங்குகள் கொத்தாக இருக்கும், உலுக்கினால் உதிரும். உலுக்காமல் அப்படியே பையில் போடுங்கள். பரந்து மண்டிவிட்டது என்றால் என் யோசனை: விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே வருடக்கணக்கில் வாழும்.

*களைக்கொல்லி.* கிளைபோசேட் பச்சையாக எது பட்டாலும் கொல்லும். ஸ்னோடிராப் இலை ஒன்றுகூட மேலே இல்லாதபோது மட்டும், காற்றில்லாத நாளில், களை இலையில் தடவும் முறையில் பயன்படுத்தலாம். இளமரத்தின் பச்சைப் பட்டையிலும் அடிக்கன்றிலும் படக்கூடாது. உங்கள் நாட்டில் வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். உப்புக் கரைசல் வேண்டவே வேண்டாம். அது மண்ணிலேயே தங்கி மரத்தின் வேரைத்தான் முதலில் பிடிக்கும்.

*ஆள் கூப்பிட வேண்டிய களை* இரண்டு. மூங்கில் போன்ற கணுத்தண்டு உள்ள ஜப்பானிய நாட்வீட். ஆளை விட உயரமாகி, சாறு பட்டால் வெயிலில் தோல் கொப்புளிக்கும் ஜயன்ட் ஹாக்வீட். இவை தெரிந்தால் தோண்டாதீர்கள், தொடாதீர்கள், கழிவுத் தொட்டியில் போடாதீர்கள். பல நாடுகளில் இவற்றின் கழிவைக் கையாளத் தனி விதியே உண்டு.

அறிகுறி 5: காலையில் பார்த்தால் எல்லாம் தரையில் படுத்துக் கிடக்கிறது

இரவு கடும் உறைபனியா? ஒன்றும் செய்யாதீர்கள். வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். வெந்நீர் ஊற்ற வேண்டாம். மதியமும் படுத்தே கிடந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 6: முளை கருகுகிறது, அல்லது நல்ல தூர் திடீரென்று காணாமல் போகிறது

*பூவில் மட்டும் ஓட்டை.* நத்தை. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள்.

*இலை நுனியில் செம்பழுப்புக் கருகல்.* இலைக்கருகல் பூஞ்சை. கருகிய இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தூர் நெருக்கமாக இருந்தால் பிரியுங்கள், காற்றோட்டம் வேண்டும்.

*முளை குட்டையாகி மேலே சாம்பல் நிறப் பூஞ்சை.* இது ஸ்னோடிராப்புக்கே உரிய சாம்பல் பூஞ்சை நோய், ஈரமான மிதக்குளிரில் பரவும். கிழங்கின்மேல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் உறுதி. அந்தத் தூரைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மருந்தடித்துக் காப்பாற்றப் பார்ப்பது பக்கத்துத் தூர்களுக்கு ஆபத்து.

*போன வருடம் நிறைய, இந்த வருடம் நாலைந்து மெல்லிய இலை.* ஒரு கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சேறுபோன்ற பழுப்புக் கழிவும் நடுவில் ஒரே ஒரு தடித்த புழுவும் இருந்தால் நார்சிசஸ் ஈ. இலை வாடும்போது மண்ணில் உண்டாகும் துளைக்குப் பக்கத்தில் அந்த ஈ முட்டையிடும். வெயில் படும் ஓரத் தூர்களைத்தான் முதலில் தேடும். நல்ல நிழலில் இருப்பவை தப்பிக்கும். பாதித்த கிழங்கை அழித்துவிட்டு, அடுத்த முறை இலை வாடத் தொடங்கும்போது தூரைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்குங்கள். அரிய வகை என்றால் அந்த வாரங்களுக்கு மெல்லிய வலை போர்த்தலாம்.

வெட்டிய இடத்தில் புழு இல்லாமல் பழுப்பு வளையங்கள் மட்டும் தெரிகின்றனவா? அது நூற்புழுவாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, மண்ணோடும் கருவியோடும் பரவும். இங்கே ஊகிக்காதீர்கள். இரண்டு மூன்று கிழங்கைத் தனிப் பையில் போட்டுச் செடிநோய் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்த மரத்தடியிலிருந்து ஒரு கிழங்கையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், கைமுள்ளைக் கழுவாமல் வேறு பாத்தியில் வைக்காதீர்கள். நூற்புழு உறுதியானால் அந்த இடத்துக் கிழங்குகளை மொத்தமாக எடுத்து அழித்துவிட்டு, சில வருடங்களுக்கு அங்கே ஸ்னோடிராப்பும் அதே குடும்பத்துக் கிழங்குச் செடியான டாஃபடிலும் நடாமல் விட வேண்டும்.